ரோந்துக் காவலருக்கு எந்த நிலைக் கவசம்?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரோந்துப் பணியில் இருக்கும் காவலர்களுக்குக் குண்டு துளைக்காத கவச உடை வாங்கும் குழுவில் நீங்கள் ஓர் உறுப்பினர். உங்கள் முன் இரண்டு முன்மொழிவுகள் இருக்கின்றன. ஒன்று, சட்டைக்குள் அணியும், இழை அடுக்குகளால் ஆன 3ஏ நிலை மென்கவசம்; நிலை என்பது எவ்வளவு வலிய தோட்டாவைக் கவசம் தடுக்கும் என்பதன் தர எண். மற்றொன்று, நான்காம் நிலைப் பீங்கான் தகடுகள் செருகிய, சட்டைக்கு மேல் அணியும் கவசம். "உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் குறைந்த நிலையை ஏன் யோசிக்க வேண்டும், இருப்பதிலேயே உயர்ந்ததை வாங்கிவிடலாமே" என்கிறார் மேலதிகாரி. இப்போது கையில் உள்ள கவசங்களோ ஆறு ஆண்டுகளைத் தாண்டியவை. அவற்றையும் பெரும்பாலான காவலர்கள் ரோந்து வண்டியின் இருக்கை முதுகில் மாட்டிவைத்துவிட்டுப் போகிறார்கள். எதைத் தேர்வது, பழையவற்றை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அன்றாட ரோந்துக்கு மென்கவசமே சரி. அது 3ஏ நிலையா, இரண்டாம் நிலையா என்பதை உங்கள் பகுதியில் பிடிபடும் ஆயுதங்களும் உங்கள் காவலர்களின் சொந்த ஆயுதங்களும் முடிவு செய்ய வேண்டும். தகடுகளும் வேண்டும்தான். ஆனால் அவை வண்டியில் தயாராக இருந்து, ரைஃபிள் ஆபத்து என்று தகவல் வரும்போது சில நொடிகளில் மேலே மாட்டிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். பணிநேரம் முழுவதும் உடம்பில் சுமக்க வேண்டியவை அல்ல. இரண்டு முன்மொழிவுகளில் ஒன்றைத் தேர்வதாக இந்த வாங்கலைப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்பது என் கருத்து.

நிலை எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதை உங்கள் மேலதிகாரிக்கு விளக்குவது நல்லது. உலகெங்கும் பரவலாக எடுத்தாளப்படும் அளவுகோல் அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம், சுருக்கமாக என்ஐஜே, வெளியிட்ட தரநிலை. 2008இல் வந்த 0101.06 பதிப்பில் 2ஏ, 2, 3ஏ, 3, 4 என்று ஐந்து நிலைகள் உள்ளன. அந்த வரிசையில் 3ஏ என்பது மூன்றாம் நிலைக்குக் கீழே வருவது. பெயரைப் பார்த்து அது மூன்றைவிட ஒரு படி மேல் என்று எண்ணி வாங்கியவர்கள் உண்டு. முதல் மூன்றும் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கானவை, கடைசி இரண்டும் ரைஃபிளுக்கானவை. இரண்டாம் நிலையில் 8 கிராம் எடையுள்ள 9 மி.மீ. தோட்டாவை நொடிக்கு 398 மீட்டர் வேகத்திலும், 10.2 கிராம் எடையுள்ள .357 மேக்னம் தோட்டாவை 436 மீட்டர் வேகத்திலும் புதிய கவசத்தின் மீது சுடுகிறார்கள். 3ஏ நிலையில் .357 சிக் தோட்டா 448 மீட்டர் வேகத்திலும், 15.6 கிராம் எடையுள்ள .44 மேக்னம் 436 மீட்டர் வேகத்திலும் பாய்கின்றன. மூன்றாம் நிலைக்கு வந்தால் 9.6 கிராம் எடையுள்ள 7.62 மி.மீ. ரைஃபிள் தோட்டா, வேகம் நொடிக்கு 847 மீட்டர். நான்காம் நிலையில் 10.8 கிராம் எடையுள்ள, கவசத்தைத் துளைப்பதற்கென்றே செய்த .30 காலிபர் தோட்டா 878 மீட்டர் வேகத்தில் வருகிறது.

இவற்றை ஆற்றலாகக் கணக்கிட்டுப் பார்த்தால் இடைவெளி தெளிவாகும். இரண்டாம் நிலையின் 9 மி.மீ. தோட்டா சுமார் 630 ஜூல் ஆற்றலோடு வருகிறது; .44 மேக்னம் ஏறக்குறைய 1,480. மூன்றாம் நிலையின் ரைஃபிள் தோட்டா 3,440. நான்காம் நிலையினது 4,160. மென்கவசத்தில் அடுக்கடுக்காக இருக்கும் அராமிட் (கெவ்லார் போன்றவை) அல்லது பாலிஎத்திலீன் இழைகள் கைத்துப்பாக்கித் தோட்டாவின் ஆற்றலைப் பக்கவாட்டில் பரப்பி, அதன் முனையை நசுக்கித் தட்டையாக்கி நிறுத்துகின்றன. ரைஃபிள் தோட்டாவின் வேகத்துக்கும் கூர்மைக்கும் முன்னால் அந்த இழைகளுக்கு அதற்கான அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே 3ஏ நிலையை இன்னும் கொஞ்சம் தடிமனாக்கினால் ரைஃபிளையும் தடுத்துவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அதற்குத் தகடுதான் தேவை: முன்புறப் பீங்கான் தோட்டாவை உடைக்கும், பின்னால் உள்ள இழை அடுக்கு உடைந்ததைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, அப்படியானால் எல்லாருக்கும் தகடே மாட்டிவிடலாமே என்ற உங்கள் மேலதிகாரியின் கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதில் பரிசோதனைக் கூடத்தில் கிடைக்காது. ரோந்து வண்டியில் கிடைக்கும். வழக்கமான 25 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவுள்ள நான்காம் நிலைப் பீங்கான் தகடு ஒன்று பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்றரை கிலோ வரை இருக்கும். முன்னும் பின்னும் சேர்த்தால் ஐந்து முதல் ஏழு கிலோ. உறையும் மென்கவசமும் அதற்கு மேல். அதை மாட்டிக்கொண்டு எட்டு, பத்து மணி நேரம் வண்டியில் ஏறி இறங்கி, குனிந்து, ஓடி, மாடிப்படி ஏறிப் பணி செய்யும் மனிதர் மூன்றாவது நாளே அதைக் கழற்றி வைக்க ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார். மேலும், தகடு மறைப்பது நெஞ்சின் நடுப்பகுதியை மட்டுமே. விலாப்பக்கம் திறந்தே கிடக்கும். மென்கவசம் உடலைச் சுற்றி வருகிறது. பக்கவாட்டில் நின்று கைத்துப்பாக்கியால் சுடுபவனிடமிருந்து, தகட்டை மட்டும் மாட்டியவரைவிட நல்ல மென்கவசம் அணிந்தவருக்கே அதிகப் பாதுகாப்பு.

அணிவது, அணியாமல் இருப்பது என்ற வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்கக் காவலர்கள் தாக்கப்பட்ட 2004 முதல் 2007 வரையிலான பதிவுகளை வைத்து ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, உடற்பகுதியில் சுடப்பட்டவர்களுள் கவசம் அணியாதவர்கள் இறக்கும் வாய்ப்பு, அணிந்தவர்களைக் காட்டிலும் மூன்று மடங்குக்கும் மேல். இருக்கை முதுகில் தொங்கும் நான்காம் நிலைக் கவசம் இந்தக் கணக்கில் அணியாத பக்கத்தில்தான் சேரும். உங்கள் குழு நிலை எண்ணை மட்டும் விவாதித்துவிட்டு, இந்தக் கவசத்தைக் காவலர் முழுப் பணிநேரமும் அணிந்திருப்பாரா என்ற கேள்வியை விவாதிக்காமல் கையெழுத்திட்டுவிட வேண்டாம்.

இனி, இரண்டாம் நிலையா 3ஏ நிலையா என்பதற்கு வருவோம். முதல் அளவுகோல், காவலர் தன் இடுப்பில் எதை வைத்திருக்கிறாரோ அதையாவது அவருடைய கவசம் தடுக்க வேண்டும் என்பது. கைகலப்பில் காவலரின் துப்பாக்கியைப் பறித்து அவரையே சுடுவது நடக்கக்கூடிய ஒன்று. துப்பாக்கியின் பெயர் மட்டும் போதாது. எந்தத் தோட்டா, எந்த வேகம் என்று பாருங்கள். 9 மி.மீ. தோட்டா கைத்துப்பாக்கியிலிருந்து வருவதைவிட, குழல் நீண்ட கார்பைனிலிருந்து வேகமாக வரும். உங்கள் வண்டிகளில் 9 மி.மீ. கார்பைன் வைத்திருக்கிறீர்கள் என்றால், இரண்டாம் நிலையின் 398 மீட்டர் எல்லையை அது நெருங்கவோ தாண்டவோ கூடும். அந்த ஒரு காரணமே 3ஏ நிலைக்குப் போகப் போதுமானது.

இரண்டாவது, கடந்த சில ஆண்டுகளில் உங்கள் பகுதியில் கைப்பற்றிய ஆயுதங்களின் பதிவேடு. அதில் துப்பாக்கி வகையோடு தோட்டா வகையையும் தனியே எழுதச் சொல்லுங்கள். உள்ளூரில் செய்த குட்டைத் துப்பாக்கி என்று பதிவாகியிருப்பது ரைஃபிள் தோட்டாவைச் சுடுவதாகக்கூட இருக்கலாம்; குழல் குட்டை என்பதால் வேகம் குறையுமே என்று எண்ணி மென்கவசத்தை நம்பிவிடக் கூடாது. எஃகு உட்கரு வைத்த 7.62 மி.மீ. டோகரேவ் போன்ற வேகமான கைத்துப்பாக்கித் தோட்டாக்களும் கவனத்துக்குரியவை. 3ஏ என்ற முத்திரை அவற்றுக்கு எதிரான உத்தரவாதம் அல்ல, அந்தச் சோதனையில் அவை இல்லை. பட்டியலில் அவை தென்பட்டால், அந்தத் தோட்டாவுக்கு எதிராகத் தனியே சோதித்த அறிக்கையை விற்பவரிடம் கேளுங்கள்.

இவ்விரண்டையும் பார்த்த பிறகும் இரு நிலைகளுமே போதும் என்று தெரிந்தால், மெல்லியதும் வளைந்து கொடுப்பதுமான இரண்டாம் நிலையை எடுப்பதில் எந்தத் தாழ்வும் இல்லை. 3ஏ பேனல்கள், அதாவது உறைக்குள் செருகும் இழை அடுக்குகள், சற்றுத் தடிமனாகவும் விறைப்பாகவும் இருக்கும். அண்மைக்கால இழைகளில் அந்த வேறுபாடு குறைந்திருக்கிறது. ஆகவே மாதிரிகளை வாங்கி, சில காவலர்களிடம் கொடுத்து, முழுப் பணிநேரம் அணியவைத்துப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

தகடுகளைப் பற்றிச் சில எச்சரிக்கைகள். தனியாகவே அந்த நிலையைத் தரும் தகடு ஒரு வகை. குறிப்பிட்ட மென்கவசத்துக்கு மேல் வைத்தால் மட்டுமே அந்த நிலையைத் தருவது மற்றொரு வகை. இரண்டாம் வகைத் தகட்டை வேறொரு மென்கவசத்தோடு, அல்லது மென்கவசம் இல்லாமலே மாட்டினால் முத்திரையில் உள்ள நிலைக்குப் பொருள் இல்லை. எது எந்த வகை என்பது முத்திரைச் சீட்டில் எழுதியிருக்கும். அடுத்து, பழைய மூன்றாம் நிலைத் தகடு 7.62 மி.மீ. தோட்டாவைத் தடுப்பதால் அதைவிடச் சிறிய 5.56 மி.மீ. தோட்டாவை எளிதில் தடுத்துவிடும் என்று கருதுவது தவறு. எஃகு முனை வைத்த 5.56 மி.மீ. எம்855 தோட்டா, பாலிஎத்திலீனால் மட்டுமே செய்த மூன்றாம் நிலைத் தகடுகள் பலவற்றைத் துளைத்துவிடும். "மூன்றாம் நிலை பிளஸ்" என்று விளம்பரம் செய்வதன் பின்னணியில் இந்த இடைவெளிதான் இருக்கிறது. ஆனால் அப்படியொரு நிலை என்ஐஜே தரநிலையில் கிடையாது, ஒவ்வொரு நிறுவனத்தின் பிளஸும் ஒவ்வொரு மாதிரி. வெறும் எஃகுத் தகடுகளை நான் பரிந்துரைப்பதில்லை. எடை ஒரு காரணம். தோட்டா மோதிச் சிதறும் துண்டுகள் கழுத்தையும் தாடையையும் கைகளையும் தாக்குவது பெரிய காரணம்.

2023 நவம்பரில் வெளியான 0101.07 பதிப்பு இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்த்திருக்கிறது. கைத்துப்பாக்கிக்கு எச்ஜி1, எச்ஜி2 என்றும் ரைஃபிளுக்கு ஆர்எஃப்1, ஆர்எஃப்2, ஆர்எஃப்3 என்றும் நிலைகள் பெயர் மாறின. பழைய 2ஏ நிலை கைவிடப்பட்டது. எச்ஜி1 ஏறக்குறைய பழைய இரண்டாம் நிலை, எச்ஜி2 ஏறக்குறைய 3ஏ. இடையில் புதிதாக வந்த ஆர்எஃப்2, நான் மேலே சொன்ன எம்855 தோட்டாவையும் உள்ளடக்கியது; ஆர்எஃப்3 பழைய நான்காம் நிலைக்கு இணை. வண்டியில் வைக்கும் தகடுகளுக்கு, கவசம் துளைக்கும் தோட்டாக்கள் உங்கள் பகுதிப் பதிவேட்டில் இல்லையென்றால், ஆர்எஃப்2 தகடு எடைக்கும் பாதுகாப்புக்கும் இடையில் நல்ல சமநிலை. நான்காம் நிலையைத்தான் வாங்க வேண்டும் என்று குழு முடிவெடுத்தாலும் அதில் பிழையில்லை. வண்டியில் கிடக்கும் பொருளுக்கு ஒரு கிலோ கூடுதல் எடை பெரிய தடை அன்று.

கத்தியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். தோட்டாவை நிறுத்தும் இழைப்பேனல் கூரிய கத்திக் குத்தை நிறுத்தும் என்று சொல்ல முடியாது. கத்தியின் முனை இழைகளுக்கு இடையே விலக்கிக்கொண்டோ வெட்டிக்கொண்டோ உள்ளே போய்விடும். இதற்கென்று 2000ஆம் ஆண்டின் 0115.00 என்ற தனித் தரநிலை உள்ளது. அதன் முதல் நிலையில் 24 ஜூல் ஆற்றலுடன் குத்தும்போது கத்தி 7 மி.மீ.க்கு மேல் உள்ளே வரக் கூடாது. 36 ஜூலில் 20 மி.மீ. வரை ஏற்கப்படுகிறது. ரோந்துக் காவலர்கள் எதிர்கொள்ளும் தாக்குதல்களில் கத்தியும் அரிவாளும் முன்னணியில் இருக்கும் பகுதி என்றால், 3ஏ என்ற எண்ணைத் துரத்துவதைவிட, இரண்டாம் நிலைக் குண்டுத் தடுப்போடு குத்துத் தடுப்புச் சான்றும் சேர்ந்த பேனலை வாங்குவது அறிவார்ந்த தேர்வாக இருக்கும்.

சோதனையின் இன்னொரு எண்ணையும் உங்கள் காவலர்கள் அறிந்திருக்க வேண்டும். கவசத்தைக் களிமண் மீது வைத்துச் சுடும்போது, தோட்டா துளைக்காவிட்டாலும் களிமண்ணில் விழும் பள்ளம் 44 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. தோட்டா நின்ற இடத்துக்குப் பின்னால் உடம்பு வாங்கும் அடி அவ்வளவு கடுமையாக இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள். குண்டு கவசத்தில் நின்றுவிட்டது, ஒன்றும் ஆகவில்லை என்று பணியைத் தொடர விடாமல், அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். விலா முறிவும் உள்ளுறுப்புக் காயமும் வெளியே தெரியாமல் இருக்கலாம். இந்த அடியைக் குறைக்க மார்பின் நடுவில் செருகும் சிறு பட்டையைச் சிலர் கூடுதல் நிலை என்று விற்கிறார்கள். அடியை அது குறைக்கும், நிலையை உயர்த்தாது.

இனி, அளவு. நிலையைவிட இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். சிறிய, நடுத்தர, பெரிய என்று மூன்று அளவுகளில் மொத்தமாக வாங்கி அடுக்கிவிடுவது வழக்கம். அப்படி வாங்கியவைதான் பின்னர் இருக்கை முதுகில் தொங்குகின்றன. ஒவ்வொருவரையும் தனித்தனியே அளக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அளக்கும்போது காவலர் இடுப்பு வாரும் அதில் மாட்டும் உபகரணங்களும் அணிந்திருக்க வேண்டும், நின்றும் உட்கார்ந்தும் அளக்க வேண்டும். நிற்கும்போது முன்பேனலின் கீழ்விளிம்புக்கும் வாரின் மேல்விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி இருந்தால் சரி. அந்த இடைவெளி இல்லாத கவசத்தை அணிந்து வண்டியில் உட்கார்ந்தால், வார் பேனலை மேலே தள்ளும், பேனலின் மேல்விளிம்பு தொண்டைக் குழியில் வந்து இடிக்கும். காவலர் அதைக் கீழே இழுத்துக்கொண்டே வண்டி ஓட்டுவார், பிறகு பக்கவாட்டு ஒட்டுப்பட்டைகளைத் தளர்த்திவிடுவார். தளர்ந்த பட்டை என்றால் அக்குளுக்குக் கீழே ஒரு பிளவு. முன்பேனலும் பின்பேனலும் பக்கவாட்டில் கொஞ்சமாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும்.

பெண் காவலர்களுக்கு ஆண்களின் சிறிய அளவைக் கொடுப்பதை இத்தோடு நிறுத்திவிடுங்கள். மார்புப் பகுதியில் பேனல் தூக்கி நின்றால் விலாப்பக்கம் திறந்துகொள்ளும், கையை உயர்த்தித் துப்பாக்கியைப் பிடிப்பதும் தடைபடும். பெண்களின் உடலமைப்புக்கு வடிவமைத்த பேனல்கள் இருக்கின்றன. வளைவான பேனல்களைச் சோதிக்கும் முறையையும் 0101.07 பதிப்பு மேம்படுத்தியிருக்கிறது.

வெப்பத்துக்கு முழுத் தீர்வு கிடையாது என்பதை ஒப்புக்கொண்டே திட்டமிட வேண்டும். மென்கவசம் உடலின் வியர்வையை ஆவியாக விடுவதில்லை. சட்டைக்குள் அணிவதைவிடச் சட்டைக்கு மேல் மாட்டும் உறையில் அதே பேனலை வைத்தால், நிலையத்துக்குள் எழுத்து வேலை செய்யும் நேரத்தில் கழற்றி, வெளியே போகும்போது மீண்டும் மாட்டிக்கொள்ளலாம். அப்படிக் கழற்ற முடிவதே மாட்ட மறந்து வெளியே போவதற்கும் வழி செய்கிறது. ஆகவே எங்கே கழற்றலாம், எங்கே கூடாது என்று எழுத்தில் ஓர் ஆணை இருக்கட்டும். கவசம் வாங்க அமெரிக்க அரசு தரும் மானியத்துக்கு, சீருடைக் காவலர்கள் கவசம் அணிவதைக் கட்டாயமாக்கும் எழுத்துபூர்வ ஆணை வேண்டும் என்று 2011 நிதியாண்டு முதல் நிபந்தனை வைத்திருப்பதும் இதே அனுபவத்தால்தான். ஆணையில் கையெழுத்திடும் அதிகாரி களத்துக்கு வரும்போது தானும் அணிந்து வர வேண்டும். அவர் அணியாமல் வந்தால் அந்த ஆணையை யாரும் மதிக்க மாட்டார்கள்.

காகிதங்களைச் சரிபார்ப்பது சலிப்பான வேலை, ஆனால் அதைத் தவிர்க்க முடியாது. "என்ஐஜே தரத்துக்கு ஏற்றது" என்று விற்பவர் எழுதித் தருவது வேறு, அந்த மாதிரியின் பெயர் என்ஐஜே வெளியிடும் சான்று பெற்ற பொருள்களின் பட்டியலில் இருப்பது வேறு. பேனலை உறையிலிருந்து வெளியே எடுத்து, அதன் மேல் ஒட்டியுள்ள முத்திரைச் சீட்டைப் பாருங்கள். உறையின் சீட்டு போதாது. நிலை, மாதிரிப் பெயர், தொடர் எண், தயாரிப்புத் தொகுதி, தயாரித்த தேதி, உடலை நோக்க வேண்டிய பக்கம் எது என்பவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். மாதிரிப் பெயர் பட்டியலில் உள்ளதோடு ஓர் எழுத்தும் பிசகாமல் பொருந்த வேண்டும். உங்கள் நாட்டுக்கெனத் தனித் தரநிலை இருந்தால் அதன் சான்றும் தேவைப்படும். ஒரு நாட்டின் நிலை எண்ணை மற்றொரு நாட்டின் எண்ணோடு அப்படியே ஒப்பிட வேண்டாம், தோட்டாவும் வேகமும் மாறும்.

பழைய கவசங்கள் பற்றிய உங்கள் கேள்விக்கு, சைலான் இழையின் கதை பொருத்தமானது. மெல்லியது, வலுவானது என்று வரவேற்புப் பெற்ற அந்த இழையில் செய்த கவசம் 2003இல் பென்சில்வேனியாவில் ஒரு காவலர் மீது பாய்ந்த தோட்டாவை, தான் தடுக்க வேண்டிய தோட்டாவையே, தடுக்கத் தவறியது. அதன்பின் நடந்த ஆய்வில், பயன்பாட்டில் இருந்த 103 சைலான் கவசங்களில் 60 துளைக்கப்பட்டன. எல்லா அளவுகோல்களிலும் தேறியவை நான்கே. ஈரம் அந்த இழையைச் சிதைக்கிறது என்று தெரிந்தது, 2005 ஆகஸ்டில் என்ஐஜே அவற்றுக்கு அளித்த ஒப்புதலை விலக்கிக்கொண்டது. பார்வைக்கு அந்தக் கவசங்களில் எந்தக் குறையும் தெரிந்திருக்காது. 0101.06 பதிப்பில் கவசத்தை 65 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 80 விழுக்காடு ஈரப்பதத்திலும் பத்து நாள் உருட்டிப் புரட்டிய பிறகு மறுபடியும் சுட்டுப் பார்க்கும் விதி வந்தது இந்தப் பாடத்தால்தான்.

உங்களிடம் உள்ளவை சைலான் அல்லாதவையாகவே இருக்கலாம். ஆயினும் மென்கவசத்துக்குத் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் பொதுவாக ஐந்து ஆண்டுகள். உங்களுடையவை அதைக் கடந்தவை. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் இருக்கை முதுகில் மடங்கித் தொங்கியவை என்பதால், அவற்றின் வயதை நான் இன்னும் கூட்டியே கணக்கிடுவேன். சூரிய ஒளி அராமிட் இழையை வலுவிழக்கச் செய்யும். ஈரம் புகுந்த பேனலும் மடிப்பு விழுந்த பேனலும் நம்பத்தக்கவை அல்ல. புதியவை வந்து சேரும் வரை, வேறு வழியில்லை என்றால், பேனலின் உறை கிழியாதவற்றையும் மடிப்போ கட்டியோ விழாதவற்றையும் மட்டும் பயன்படுத்துங்கள். வெறுமனே போவதைவிட அது மேல். புதியவை கைக்கு வந்த அன்றே பழையவற்றைத் தொடர் எண்ணோடு பதிவேட்டிலிருந்து நீக்கி, பேனல்களை வெட்டி அழித்துவிடுங்கள். பயிற்சிக் காவலர்களுக்கோ தன்னார்வலர்களுக்கோ அவற்றைக் கொடுத்துவிடும் யோசனை குழுவில் எழும். அதை ஏற்க வேண்டாம். புதிய பேனல்களைத் துவைப்பு இயந்திரத்தில் போடாமல், ஈரத்துணியும் மென்மையான சோப்பும் கொண்டு துடைத்து, நிழலில் தட்டையாக வைத்து உலர்த்த வேண்டும் என்பதையும், பீங்கான் தகடு கீழே விழுந்தால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அதைச் சோதனைக்கு அனுப்பிய பிறகே மீண்டும் வண்டியில் வைக்க வேண்டும் என்பதையும் வழங்கும் நாளிலேயே ஒவ்வொருவரிடமும் எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.